கழுத்து வளையாது தம்பி, பெயிண்டைப் பாத்துக்கங்க

ரெண்டு மாசமா குமிஞ்சு கெடந்த கேள்விகள்ல கிட்டார் கம்பி மாத்துறதப் பத்தினத மட்டும் தனியா பிரிச்சு வச்சேன். பாத்தா எல்லாரும் ஒரே பயத்துல இருக்கீங்க, நெக், அதான் கழுத்து, வளைஞ்சிருமோ, முறிஞ்சிருமோன்னு. அதனால இந்தத் தடவ எலக்ட்ரிக் கிட்டார் மட்டும்தான், கீபோர்டு, ட்ரம்ஸ் கேட்டவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கங்க.

கேள்வி: அண்ணே, நான் திருநகர், காலேஜ் செகண்ட் இயர். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஸ்ட்ராட் மாடல் (ஃபெண்டரோட ஸ்ட்ராட்டோகாஸ்டர் டிசைன்) கிட்டார் வாங்குனேன், அன்னையில இருந்து கம்பியே மாத்தல, இப்ப துருப்பிடிச்சு விரல்ல கறுப்பா ஒட்டுது. எங்க சர்ச் கொயர்ல வயலின் வாசிக்கிற மாமா ஒருத்தர், ஆறு கம்பியையும் ஒரே நேரத்துல கழட்டுனா நெக் வளைஞ்சிரும், ஒன்னக் கழட்டி ஒன்னப் போடுங்கிறாரு. கூடப் படிக்கிறவன் கட்டிங் பிளேயர எடுத்து எல்லாத்தையும் வெட்டி விட்டுரு மாப்ளைங்கிறான். யார் பேச்சக் கேக்குறது?

பதில்: ரெண்டு பேர் பேச்சையும் கேக்க வேணாம் தம்பி. ஆனா மாமாவ குறை சொல்லாதீங்க, அவர் சொன்னது பொய்யில்ல, வேற வாத்தியத்துக்கு அது உண்மை. வயலின்ல குதிரை இருக்குல்ல, அத ஒட்டவும் இல்ல, ஆணி அடிக்கவும் இல்ல, நாலு கம்பி அமுக்குற அமுக்குலதான் அது நிக்கிது. உள்ள சவுண்ட் போஸ்ட்டுன்னு ஒரு சின்ன மரக்குச்சி, அதுவும் பசை இல்லாம மேல் பலகைக்கும் கீழ் பலகைக்கும் நடுவுல நெருக்கிக்கிட்டு நிக்கிறதுதான். நாலு கம்பியையும் ஒரேயடியா கழட்டுனா குதிரை கீழ விழுந்துரும், உள்ள இருக்கிற குச்சியும் சாஞ்சிருச்சுன்னா அத நிப்பாட்டத் தெரிஞ்ச ஆளத் தேடி அலையணும். அதான் வயலின்காரங்க ஒவ்வொன்னா மாத்துவாங்க. மாமா அந்தப் பழக்கத்த அப்படியே உங்க கிட்டாருக்கும் சொல்லிட்டாரு, அம்புட்டுதான்.

உங்க கிட்டார் கதை வேற. 10-46 செட்டு (மெல்லிசு கம்பி 10, தடிக் கம்பி 46, இஞ்சுல ஆயிரத்துல ஒரு பங்கு கணக்கு) போட்டு ட்யூன்ல வச்சா ஆறு கம்பியும் சேந்து நெக்க இழுக்கிறது சுமார் 47 கிலோ, 9-42 செட்டுன்னா 38, 39 கிலோ வரும். 47 கிலோன்னா 25 கிலோ அரிசி மூட்டை ரெண்டு, கொஞ்சம் கம்மி. அம்புட்டு இழுப்பையும் மரம் மட்டும் தாங்கல, நெக்குக்குள்ள ட்ரஸ் ராடுன்னு ஒரு இரும்புக் கம்பி ஓடுது, கம்பி முன்னாடி இழுக்க இது பின்னாடி இழுக்கும். கிப்சன் கம்பெனியில வேலை பாத்த தாடியஸ் மெக்ஹியூங்கிறவரு 1923-லயே இதுக்குப் பேட்டன்ட் வாங்கிட்டாரு, நூறு வருசத்துப் பழைய சமாச்சாரம். எல்லாக் கம்பியையும் கழட்டுனா முன்னாடி இழுப்பு போயிரும், ராடு மட்டும் பின்னாடி இழுக்கும், நெக்கு துளியூண்டு பின்னாடி போகும், புதுக் கம்பிய ஏத்தி ட்யூன் பண்ணுனா திரும்ப வந்துரும். ஒரு மணி நேரம் என்ன, ஒரு நாள் வெறுமனே கெடந்தாலும் ஒன்னும் ஆகாது. யோசிச்சுப் பாருங்க, ஃப்ரெட்ட, அதான் நெக்குல குறுக்க பதிச்சிருக்கிற உலோகப் பட்டைய, ராவி லெவல் பண்ற வேலைக்கு கிட்டார் கம்பி இல்லாம நாள்கணக்குல டேபிள்ல கெடக்கும். தனி நெக்குன்னே விக்கிறாய்ங்க, அது கம்பியே இல்லாம பெட்டிக்குள்ள கெடந்துதான் கப்பல் ஏறி வருது.

அதுக்காக கூடப் படிக்கிறவன் சொன்ன மாதிரி டைட்டா இருக்கும்போது வெட்டிறாதீங்க. நெக்குக்காக சொல்லல, உங்க மூஞ்சிக்காக சொல்றேன். நான் கச்சேரிக்குப் போன புதுசுல, திருவிழா மேடைக்குப் பின்னாடி, அடுத்த பாட்டுக்குள்ள மாத்தணும்னு அவசரத்துல ஜி கம்பிய இறுக்கமா இருக்கும்போதே வெட்டிட்டேன். சுரீர்னு ஒரு சத்தம், தாவாங்கட்டையில கீறி ரத்தம், பிக்கப்புக்கு (கம்பிச் சத்தத்தப் பிடிக்கிற காந்தக் கட்டை) மேல இருந்த பெயிண்டுல நகக்கீறல் மாதிரி ஒரு வளைவு. தாவாங்கட்டை ஆறிருச்சு, அந்தக் கோடு இன்னும் இருக்கு. மொதல்ல கிட்டார் தலையில இருக்கிற கீய திருகித் திருகி கம்பி தொளதொளன்னு தொங்குற வரைக்கும் லூஸ் பண்ணுங்க, அப்புறம் வெட்டுங்க.

இப்ப வேலைக்கு வருவோம். ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பெல்ட்டு, மோதிரம், வாட்ச்சு, கையில கட்டுன காப்பு எல்லாத்தையும் கழட்டி வைங்க, ஜீன்ஸ் பட்டன் மேல சட்டைய இழுத்து விட்டுக்கங்க. கிட்டார் முதுகுல விழுற கீறல்ல முக்கால்வாசி பெல்ட் பக்கிள்தான் போட்டிருக்கும். தரையில பாய விரிச்சு, அதுக்கு மேல துணிய விரிங்க. எங்க வீட்டுல பழைய சுங்குடிச் சேலைதான், துவைச்சுத் துவைச்சு பஞ்சு மாதிரி ஆயிருக்கும். புதுச் சுங்குடி வேணாம், ஈரமோ வேர்வையோ பட்டா சாயம் எறங்கிரும், வெள்ளை கிட்டார்னா அன்னையில இருந்து ரோஸ் கலர் கிட்டார். துணியில மணல் ஒட்டியிருக்கான்னு ஒரு தடவ உதறிப் பாத்துக்கங்க, நம்ம ஊரு தெருப்புழுதியில ஒரு மணல் போதும் கோடு போட. நெக்குக்கு அடியில, ஹெட்ஸ்டாக்க (கீ இருக்கிற தலைப் பக்கம்) ஒட்டி, ஒரு டவல உருட்டி வைங்க. தலை தரையில முட்டக்கூடாது, கழுத்து பாரத்தத் துணி தாங்கணும்.

பழைய கம்பிய எடுக்குறதுலதான் எல்லாரும் அசால்ட்டா இருந்து பெயிண்ட கெடுக்கிறாய்ங்க. லூஸ் பண்ணி நடுவுல வெட்டியாச்சா, கீயில சுத்தியிருந்த முனை ஸ்பிரிங் மாதிரி சுருண்டு இருக்கும், அத அப்படியே பாடி மேல தரதரன்னு இழுத்தீங்கன்னா ரம்பம் வச்சு அறுத்த மாதிரி ஆகும். ரெண்டு துண்டையும் கையில பிடிச்சு மேல தூக்கியே எடுங்க. ஸ்ட்ராட்ல பின்பக்கம் கவர் பிளேட்டுல ஓட்டை இருக்கும், முன்னாடி இருந்து கம்பிய உள்ள தள்ளுனா பின்னாடி கம்பி முனையில இருக்கிற குண்டு எட்டிப் பாக்கும், அதப் பிடிச்சு உருவுங்க. தள்ளுறதுக்கு முன்னாடி வளைஞ்ச முனைய வெட்டி நேராக்கிக்கங்க, இல்லாட்டி உள்ள மாட்டிக்கும். ரெண்டு வருசத்துக் கம்பின்னா குண்டு உள்ள துருவோட ஒட்டி அடம் பிடிக்கும், பிளேயரால பிடிச்சு இழுக்காதீங்க, முன்னாடி இருந்து அதே கம்பியால லேசா குத்தித் தள்ளுனா டொக்குனு விழும்.

ஆறையும் எடுத்ததும் பின்னாடி இருக்கிற ஸ்பிரிங் இழுத்து பிரிட்ஜு (கம்பி மாட்டுற கட்டை) பாடியில போய் ஒக்காந்துரும். பாத்துட்டு பதறாதீங்க, கம்பி ஏறுனதும் எந்திரிக்கும். ஒரே தொந்தரவு என்னன்னா, ஒரு கம்பிய ட்யூன் பண்ணுனா மத்ததெல்லாம் எறங்கும், மூணு நாலு ரவுண்டு சுத்தி வரணும். அந்தப் பொறுமை இல்லாதவங்க ஒவ்வொன்னா மாத்திக்கலாம், அதுவும் தப்பில்ல, ஆனா ஃப்ரெட்போர்டு (விரல் வைக்கிற பலகை) அழுக்கத் துடைக்க முடியாது, உங்க ரெண்டு வருசத்து அழுக்குக்கு ஆறையும் கழட்டுறதுதான் சரி.

புதுக் கம்பி போடுறப்ப எல்லாரும் பண்ற தப்பு, நீளமா விட்டு பத்து சுத்து சுத்துறது. அம்புட்டு சுத்து இருந்தா ட்யூன் நிக்கவே நிக்காது. தடிக் கம்பிக்கு ரெண்டு மூணு சுத்து, மெல்லிசுக்கு மூணு நாலு சுத்து போதும். கம்பிய ஓட்டையில விட்டு டைட்டா இழுத்து, அங்கிட்டிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் திருப்பி விட்டு, ஒடச்சு மடக்கிட்டு சுத்துங்க. சுத்து ஒன்னுக்குக் கீழ ஒன்னா எறங்கணும், மேல ஏறக்கூடாது. கம்பி கீயோட பிடிக்கு எதிர்ப்பக்கமா உள்பக்கம் ஓடணும், வெளிய சுத்திட்டா கீ எதிர்மறையா வேலை செய்யும், ட்யூனர் ஆப்பப் பாத்து மண்டையப் பிச்சுக்குவீங்க. சில ஸ்ட்ராட்ல கீயோட தலையில பொளந்த மாதிரி வெட்டு இருக்கும், நடுவுல ஒரு குழி. அதுக்கு வேற முறை, மொதல்லயே ரெண்டு கீ தூரம் தாண்டி அளந்து வெட்டி, வெட்டுன முனைய அந்தக் குழிக்குள்ள குத்தி மடக்கிச் சுத்தணும். அதுல வெளிய முள்ளே நீட்டிக்கிட்டு இருக்காது, அதனாலயே எனக்கு அந்த கீ பிடிக்கும்.

நட்டுல, அதான் தலைக்கும் ஃப்ரெட்போர்டுக்கும் நடுவுல இருக்கிற சின்னக் கட்டையில, கம்பி ஒக்கார்ற பள்ளத்துல பென்சில் முனையத் தேச்சு விடுங்க, ட்யூன் பண்றப்ப டிக்கு டிக்குன்னு மாட்டாது. எல்லாம் ஏத்துனதும் 12-வது ஃப்ரெட் பக்கம் விரல விட்டு ஒவ்வொரு கம்பியையும் மெதுவா தூக்கி இழுங்க, சுருதி எறங்கும், திரும்ப ஏத்துங்க, மூணு தடவ பண்ணுனா அடங்கிரும். மீந்த முனைய கீய ஒட்டி வெட்டிருங்க. வெட்டுன துண்டு எங்க தெறிச்சாலும் தேடி எடுங்க. எடுக்காம விட்டு, மறுநாள் வீட்டுல சின்னப் பிள்ளை கால்ல ஏறி நான் வாங்குன திட்டு இருக்கே. ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தம் வச்சு பாய் மேல தடவுனா எல்லாம் ஒட்டிக்கிட்டு வந்துரும்.

ஒன்னு சொல்ல மறந்துட்டேன். பழசு என்ன சைஸோ அதே சைஸ் வாங்குங்க. 9 இருந்த எடத்துல 10 போட்டா நெக்குக்குக் கூடுதலா எட்டு கிலோ இழுப்பு, நெக்கு முன்னாடி வளையும், பிரிட்ஜு தூக்கும், கம்பி உசரமாயிரும், அப்புறம் கம்பி மாத்துனதாலதான் கெட்டுப்போச்சும்பீங்க.

கேள்வி: அண்ணா, நான் மதுரை அண்ணாநகர். என்கிட்ட இருக்கிறது லெஸ் பால் மாடல் (கிப்சன் கம்பெனி டிசைன்). கம்பி எல்லாத்தையும் கழட்டிட்டு கிட்டாரத் திருப்புனேன், பின்பக்கம் துடைக்கலாம்னு. பிரிட்ஜும் அதுக்குக் கீழ இருக்கிற இரும்புக் கட்டையும் கழண்டு விழுந்து, அந்தக் கட்டை பாடியில பட்டு பெயிண்டு பேந்துருச்சு. பழைய மாதிரி ஆக்க முடியுமா?

பதில்: உங்க மேல தப்பே இல்லம்மா, அந்த மாடல் அப்படி. அந்தக் கட்டைக்குப் பேரு டெயில்பீஸ், பெரும்பாலும் கம்பி இழுக்கிற இழுப்புலதான் அந்தப் போல்ட்டுல மாட்டி நிக்கிது, கம்பி போனா வழுக்கிட்டு வரும். நல்ல கனமான உலோகம் வேற. பிரிட்ஜும் ரெண்டு குச்சி மேல சும்மா ஒக்காந்திருக்கிறதுதான், வயலின் குதிரைக்குச் சொந்தக்காரன்னு வச்சுக்கங்க. அடுத்த தடவ கடைசிக் கம்பிய எடுக்கிறதுக்கு முன்னாடி பாடி மேல துணியப் போட்டு, டெயில்பீஸையும் பிரிட்ஜையும் கையால எடுத்து ஓரமா வச்சிருங்க, எந்தப் பக்கம் முன்னாடி இருந்துச்சுன்னு போன்ல ஒரு போட்டோ எடுத்துட்டு. பிரிட்ஜத் திருப்பிப் போட்டுட்டா சுருதி சேராது, ரெண்டு நாள் என்னன்னு தெரியாம முழிக்க வேண்டியிருக்கும். டேப் போட்டு ஒட்டலாம்னு சிலர் சொல்வாய்ங்க, பழைய கிட்டார்ல அது வேணாம், டேப்ப உரிக்கும்போது பெயிண்டும் சேந்து வரும்.

பேந்த எடம்தான. மரம் தெரியுதா, வெறும் மேல் பூச்சு மட்டும் போயிருக்கான்னு பாருங்க. ஓரம் துருத்திக்கிட்டு இருந்தா கையில மாட்டி இன்னும் பேரும். இப்ப வர்ற விலை கம்மியான கிட்டார் எல்லாம் பாலியூரித்தேன், பாலியஸ்டர் பூச்சு, கண்ணாடி மாதிரி கெட்டியா இருக்கும், அதுல சூப்பர் க்ளூவ குண்டூசி முனையால ஒரு சொட்டு விட்டு, ஒரு நாள் காய விட்டு, மேல ஏத்தி ஏத்தி மட்டமாக்கலாம். சொல்றது லேசு, தேய்க்கிறப்பதான் சுத்தி இருக்கிற நல்ல பெயிண்டும் மங்கும், உங்க கை நடுங்குற கைன்னா ரிப்பேர் ஆளுகிட்ட குடுங்க. அமெரிக்காவுல செஞ்ச கிப்சன்னா கைய வைக்கவே வைக்காதீங்க, அது இன்னைக்கும் நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர், க்ளூ பட்டா இளகும். என்னையக் கேட்டா, ஒரு வடு இருந்துட்டுப் போகட்டும்.

அதவிட முக்கியமா ஒன்னு பாத்துக்கங்க. லெஸ் பால் மாடலுக்கு ஹெட்ஸ்டாக்கு பின்னாடி சாஞ்சு இருக்கும், நட்டுக்குப் பின்னாடி மரம் மெல்லிசு, சுவத்துல சாத்தி வச்சு சரிஞ்சு விழுந்தா அந்த எடத்துலதான் விரியும். கம்பி கழட்டுனதால கழுத்து முறிஞ்சு என்கிட்ட ஒரு கிட்டார் வந்ததில்ல, சாத்தி வச்சு முறிஞ்சு வந்தது நெறைய.

கேள்வி: சார், உசிலம்பட்டியில இருந்து எழுதுறேன். பையன் கிட்டார்ல விரல் வைக்கிற பலகை பூரா அழுக்கு. வீட்டுக்காரம்மா தேங்காய் எண்ணெய் தடவலாம்ங்கிறா, பையன் லெமன் ஆயில்னு ஏதோ சொல்றான். நான் வீட்டுல இருக்கிற எலுமிச்சம்பழத்தப் பிழிஞ்சு தேய்க்கலாமான்னு கேட்டதுக்கு சிரிக்கிறான். எது சரி?

பதில்: பையன் சிரிச்சது நியாயம்தான் சார், லெமன் ஆயிலுங்கிறது எலுமிச்சைச் சாறு இல்ல, கடையில அந்தப் பேருல விக்கிறது பெரும்பாலும் மினரல் ஆயில்தான், வாசம் மட்டும் எலுமிச்சை. சாற ஊத்துனா அமிலம், ஃப்ரெட்டு கறுக்கும், மரம் வறண்டுரும். தேங்காய் எண்ணெயும் வேணாம்னு வீட்டுக்காரம்மாகிட்ட பக்குவமா சொல்லுங்க, அது காயாது, பிசுபிசுன்னு நின்னு இன்னும் அழுக்க இழுக்கும்.

மொதல்ல பலகை என்ன கலர்னு பாருங்க. கறுப்பு, கறுஞ்செவப்புன்னா ரோஸ்வுட்டு மாதிரி மரம், மேல பூச்சு இருக்காது, அதுக்கு அந்த ஆயில் நாலஞ்சு சொட்டு துணியில விட்டுத் தடவி, ரெண்டு நிமிசத்துல சுத்தமா தொடச்சு எடுத்துரணும், வருசத்துக்கு ஒரு தடவ ரெண்டு தடவ போதும். மஞ்சளா பளபளன்னு இருந்தா மேப்பிள், அதுக்கு மேல வார்னிஷ் அடிச்சிருப்பாங்க, அதுக்கு எண்ணெயே கூடாது, பழைய பனியன் துணிய நனைச்சு நல்லா பிழிஞ்சுட்டு தொடச்சா போதும். ஃப்ரெட்டு ஓரத்துல அப்பியிருக்கிற அழுக்க பழைய பிளாஸ்டிக் கார்டு ஓரத்தால நெம்புங்க, பிளேடு வேணாம். இரும்பு நார் வச்சு ஃப்ரெட்டத் தேய்க்கிறதும் உண்டு, ஆனா அந்தத் தூசி முழுக்க பிக்கப் காந்தத்துல போய் ஒட்டிக்கும், எடுக்கவே முடியாது, பிக்கப்ப மூடாம அந்த வேலைக்குப் போகாதீங்க.

தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர், சானிடைசர், இந்த மூணும் கிட்டார் பக்கமே வரக்கூடாது. கொசு க்ரீம் தடவுன கையும் அப்படித்தான், டீட்டுங்கிற கொசு மருந்து கலந்த க்ரீம் லேக்கரையும் பிளாஸ்டிக்கையும் இளக்கிரும். சாயங்காலம் மொட்டை மாடியில ஒக்காந்து வாசிக்கிற பையனா இருந்தா இத மறக்காம சொல்லுங்க.

கேள்வி: அண்ணே, மேலூர். என் கிட்டார்ல ஃப்ளாய்ட் ரோஸ் பிரிட்ஜு. இதுக்கும் ஆறையும் கழட்டலாமா?

பதில்: கழட்டலாம், நெக்குக்கு ஒன்னும் ஆகாது, ஆனா நீங்க அழுதுருவீங்க. அது கம்பிக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவுல மெதக்குற பிரிட்ஜு, கம்பி போனா ஸ்பிரிங் இழுத்து பின்னாடி சாஞ்சு குழிக்குள்ள அமுங்கிரும், விளிம்புல பெயிண்டையும் கடிச்சு வைக்கும். ஒவ்வொன்னா மாத்துங்க. இல்ல, பலகை சுத்தம் பண்ணியே ஆகணும்னா, கழட்டுறதுக்கு முன்னாடி பிரிட்ஜுக்குப் பின்னாடி குழியில துணி சுத்துன ஒரு மரத்துண்ட அசையாம சொருகி வச்சுட்டு ஆறையும் எடுங்க. ட்யூன் பண்ணி முடிச்சு அந்தத் துண்ட எடுக்கும்போது பிரிட்ஜு பழைய லெவலுக்கு வந்துரும். கம்பிய பிரிட்ஜுல மாட்டுறதுக்கு முன்னாடி குண்ட வெட்டி எறியணும்ங்கிறது தெரியும்ல?

கேள்வி: அண்ணே, கம்பி மாத்துனதுக்கு அப்புறம் எனக்கு உண்மையிலேயே நெக் வளைஞ்ச மாதிரி தெரியுது, மொத ஃப்ரெட்டுப் பக்கம் கம்பி ஜிர்ருங்குது. சோழவந்தான்ல இருந்து.

பதில்: கண்ணால பாத்து முடிவு பண்ணாதீங்க. ட்யூன்ல வச்சுட்டு, தடி ஈ கம்பிய மொத ஃப்ரெட்டுல ஒரு கையால அமுக்குங்க, கடைசி ஃப்ரெட்டுல இன்னொரு கையால அமுக்குங்க, இப்ப கம்பிதான் உங்க ஸ்கேலு. 7, 8-வது ஃப்ரெட்டுக்கு மேல எம்புட்டு சந்து இருக்குன்னு கூட இருக்கிற ஆளப் பாக்கச் சொல்லுங்க, 0.25 மில்லிமீட்டர், ஒரு விசிட்டிங் கார்டு நுழையிற அளவு இருந்தா நெக்கு நல்லாருக்கு. சந்தே இல்லாம ஒட்டிக்கிட்டு இருந்தா நெக்கு பின்னாடி போயிருக்கு, பழசவிட மெல்லிசு செட்டு போட்டிருப்பீங்க. ட்ரஸ் ராடுல அல்லன் கீயப் போட்டு, கடிகாரம் சுத்துறதுக்கு எதிர்ப்பக்கமா கால் சுத்து மட்டும் லூஸ் பண்ணுங்க, ஒரு ராத்திரி விட்டுட்டு காலையில பாருங்க. சந்து ரொம்ப அதிகம்னா இதுக்கு நேர்மாறு. கீ சரியா பொருந்தாம வழுக்குனா அங்கயே நிப்பாட்டிருங்க, அந்தத் தலை தேஞ்சுட்டா அப்புறம் பெரிய செலவு.

இதுக்குக் கம்பியே காரணமா இருக்கணும்னும் இல்ல. மே மாசம் நம்ம ஊரு காயிற காய்ச்சலுக்கும் ஐப்பசி அடைமழைக்கும் மரம் தானாவே அசையும், வருசத்துக்கு ரெண்டு தடவ பாத்து வைக்கிறது நல்லது.

கேள்வி: ஸ்டாண்டுல வச்ச கிட்டார்ல, நெக்குக்குப் பின்னாடி பிசுபிசுன்னு ஒரு தடம் விழுந்துருக்கு, என்ன பண்ண?

பதில்: நைட்ரோ லேக்கர், ஸ்டாண்டு ரப்பரோட சேந்து வெந்துருச்சு. தடம் போகாது, இன்னும் பரவாம இருக்க ஸ்டாண்டுல ரப்பர் இருக்கிற எடத்துல எல்லாம் பருத்தித் துணியச் சுத்திக் கட்டுங்க.

கேள்வி: எத்தன நாளைக்கு ஒருதரம் கம்பி மாத்தணும்ணே? செல்லூர்ல இருந்து உங்க பக்கத்துத் தெருதான்.

பதில்: நாள் கணக்கு கெடையாது, கை கணக்குதான். சிலருக்கு வேர்வையில உப்பு ஜாஸ்தி, மூணு வாரத்துல கம்பி கறுத்துரும், சிலருக்கு நாலு மாசம் ஆனாலும் பளபளங்கும். விரலக் கம்பிக்கு அடியில விட்டுத் தடவுங்க, ஃப்ரெட்டு பட்ட எடத்துல பள்ளம் பள்ளமா தட்டுப்பட்டாலோ, ட்யூன் பண்ணியும் மேல போகப் போக சுருதி விலகுனாலோ மாத்திருங்க. துருக் கம்பி ஃப்ரெட்ட அரம் மாதிரி ராவும், கம்பி வெல எங்க, ஃப்ரெட்டு மாத்துற வெல எங்க. வாசிச்சு முடிச்சதும் ஒரு காஞ்ச துணிய கம்பிக்கு அடியிலயும் விட்டுத் தொடச்சு வச்சா பாதி நாள் கூட வரும். ராத்திரி பரோட்டாவப் பிச்சு சால்னாவுல முக்குன கையோட கிட்டாரத் தூக்குற பழக்கம் இருந்தா மட்டும் என்கிட்ட கேக்காதீங்க, அன்னைக்குத் தெருமுனையில உங்களப் பாத்தேன்.